வாசலில் கேட்ட மன்னிப்பு

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வீடியோ வந்தது. ஒரு கையில் பாதி பின்னிய சடையும் மறு கையில் போனுமாக அவள் அதைப் பார்த்தாள். முடிந்ததும் சடையை விட்டுவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று மகள் முனகியது காதில் விழவே இல்லை.

ஒரு பெரிய ஹோட்டலின் வாசல். உள்ளே நடந்த டீலர்கள் கூட்டம் முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வருகின்றன. பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு கருநீலக் கார் கடைசியாக வந்து நிற்கிறது. டிரைவர் இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறக்கிறார். ஏற வேண்டியவர் ஏறாமல் ஏதோ கேட்கிறார். டிரைவர் பின்னால் கையைக் காட்டி, வழி அடைத்திருந்ததைச் சொல்கிறார் போலிருக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் பளார் என்று கன்னத்தில் ஓர் அறை. டிரைவரின் தொப்பி தெறித்து விழுகிறது. சுற்றி நின்ற மற்ற டிரைவர்கள் அப்படியே உறைந்து நிற்கிறார்கள். அடிபட்டவர் குனிந்து தொப்பியை எடுத்துக்கொண்டு, மறுபடியும் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அடித்ததைவிட, அவர் திரும்ப வந்து கதவைப் பிடித்ததுதான் அவளை என்னவோ செய்தது.

வீடியோவின் அடியில் யாரோ பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள்: ‘ஒவ்வோர் அறையிலும் எங்கள் பெயர்.’

அது அவள் எழுதிய வரி. மின்விசிறி செய்யும் அந்தக் கம்பெனியின் விளம்பர வாசகம். எழுதிக்கொடுத்த அன்று அறை என்றால் வீட்டிலுள்ள அறை என்று மட்டும்தான் அவள் உட்பட எல்லோரும் நினைத்தார்கள். கன்னத்தில் விழுகிற அறை ஒருவர் ஞாபகத்துக்கும் வரவில்லை. இந்தக் கேலியைச் செய்தவர் யாரோ, நல்ல தமிழ் தெரிந்தவர் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

கம்பெனியின் மக்கள் தொடர்புப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. வெளியுலகத்துக்குக் கம்பெனி எதைச் சொன்னாலும் அவள் எழுதித்தான் போகும். அதனால் தொழிற்சாலையில் அவளுக்கு ‘அறிக்கை மேடம்’ என்று பெயர். கேன்டீன் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட, “மேடம், இதுக்கு ஒரு அறிக்கை விடுங்க” என்பார்கள். அடித்தவருக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் விற்பனை இயக்குநர். முதலாளியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. முதலாளி எத்தனை பேர் இருந்தாலும் அவரை “மச்சான்” என்றே கூப்பிடுவதால், தொழிற்சாலை முழுக்க அவர் ‘மச்சான் சார்’ ஆகிவிட்டார். கெட்டிக்காரர். பனிமலையில் கொண்டுபோய் விட்டாலும் ஃபேன் விற்றுவிட்டு வருவார் என்று பேச்சு. கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். கறக்கிற மாடு உதைத்தாலும் பரவாயில்லை என்பதுபோல அந்தக் கோபத்தை எல்லோரும் சகித்துப் பழகியிருந்தார்கள்.

அவள் ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் போன் ஓயாமல் அடித்தது. பத்திரிகைக்காரர்கள், டிவிக்காரர்கள், கடைக்குப் பூட்டுப் போடலாமா என்று கேட்கிற டீலர்கள். எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்: பார்த்துவிட்டேன், விசாரித்துவிட்டு இன்றைக்கே பேசுகிறேன்.

முதலாளியின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாளி ஜன்னலோரம் நின்றிருந்தார். வக்கீல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மச்சான் சார் நடந்துகொண்டே இருந்தார். கை பட்டுவிட்டது, அவ்வளவுதான் என்றார் அவர். வெளிநாட்டு டீலர்களை நிறுத்திவைத்துக்கொண்டு காருக்காகக் காத்திருந்த அவமானம் யாருக்கும் தெரியவில்லை, வீடியோ எடுத்தவனைத்தான் பிடிக்க வேண்டும் என்றார். ‘கை பட்டது’ என்பதை அவர் மூன்று நான்கு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் இறங்கியது.

வக்கீல் எதுவும் பேசக்கூடாது என்றார். பேசினால் ஒப்புக்கொண்ட மாதிரி. ஊர் வாய்க்கு நாலு நாளில் வேறு அவல் கிடைக்கும். முதலாளிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவருக்கு வேறொரு யோசனை இருந்தது. அந்த டிரைவரே கேமரா முன்னால் உட்கார்ந்து, இது எங்களுக்குள் நடந்த சின்ன விஷயம், சார் எனக்கு அண்ணன் மாதிரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

“அவரே ஒத்துக்கிட்டாரும்மா. காலையில போன்ல பேசிட்டேன். நீங்க போய் எடுத்துட்டு வந்தாப் போதும்” என்றார்.

பத்திரிகைக்காரர்களிடம் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. சொல்லக்கூடாததைச் சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கிறாள். இழுத்தடித்திருக்கிறாள். கசப்பானதை இனிக்க இனிக்கச் சொல்லியிருக்கிறாள். ஆனால் இல்லாததை இருக்கிறது என்று சொன்னது கிடையாது. பொய்யே இந்தத் தொழிலுக்கு முதலீடு என்று வெளியே நினைப்பவர்கள் மேல் அவளுக்கு ஒரு ரோஷம் உண்டு. அதனால் படியிறங்கும்போது தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொல்லப்போவது டிரைவர், அவர் வாய், அவர் வார்த்தை. என்னுடையது இல்லையே.

டிரைவரின் வீடு ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. குறுகலான இரும்புப் படியில் கேமராமேன் முக்காலியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவருக்கு மீசை நரைத்திருந்தது. கம்பெனிப் படங்கள் எல்லாவற்றையும் அவர்தான் எடுப்பார். வெளியே கொடியில் வெள்ளைச் சீருடைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு பெரிய அறை. மேலே சுற்றிக்கொண்டிருந்ததும் அவர்கள் கம்பெனி ஃபேன்தான்.

டிரைவர் எழுந்து நின்று அவளுக்கு நாற்காலியை இழுத்துப்போட்டார். இடது கன்னம் லேசாகத் தடித்திருந்தது. நிறைய வருஷமாக மச்சான் சாரின் வண்டியை ஓட்டுகிறவர். அவள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எதையோ சொல்லத் தொடங்கினாள். அவர் அதற்கு இடம் கொடுக்காமல், “எழுதிக் குடுங்க மேடம், சொல்லிடறேன். எனக்கும் இது அடங்கினாப் போதும்” என்றார். வெயில் முகத்தில் விழாமல் ஜன்னலைச் சாத்தி, கேமராமேன் அவரைச் சுவரோரம் உட்கார வைத்தார். முதலாளி ஆபீசில் எழுதிய தாளை அவள் நீட்டினாள். டிரைவர் ஒருமுறை மனசுக்குள் படித்தார். பிறகு பாடம் ஒப்பிக்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்.

“சார் எனக்கு அண்ணன் மாதிரி. அண்ணன் தம்பிக்குள்ள...”

அவர் மனைவி அதுவரை அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்கடையில் தையல் வேலை பார்க்கிறவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவர் குரலை உயர்த்தவில்லை.

“இவருக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருத்தர் இருக்காரு மேடம். இதுவரைக்கும் இவர் மேல ஒரு தடவகூடக் கை நீட்டினதில்ல. நீங்க எந்த அண்ணன் மாதிரின்னு எழுதியிருக்கீங்க?”

டிரைவர் அவரைச் சும்மா இருக்கச் சொல்லிக் கையமர்த்தினார். அவர் சும்மா இருந்தார். ஆனால் அங்கிருந்து போகவில்லை.

அவளுக்கு முகம் சுட்டது. படியிறங்கும்போது சொல்லிக்கொண்ட சமாதானம் அந்த அறையில் நிற்கவில்லை. தாள் கம்பெனித் தாள். இடம் பார்த்து உட்காரவைத்தது அவள் கூட்டிவந்த ஆள். இவர் வாயைக் கடன் வாங்கி அவள்தான் பேசப்போகிறாள். கேமராமேனிடம், மூடுங்க என்றாள். அவர் ஏற்கெனவே மூடியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கம்பெனி சொன்னது இருக்கட்டும், உங்களுக்கு என்ன வேண்டும் என்று டிரைவரைக் கேட்டாள். அவர் ஒன்றும் வேண்டாம் என்றார். வேலை போகாமல் இருந்தால் போதும் என்றார். வேலைக்கு நான் பொறுப்பு, அதைத் தவிர என்ன வேண்டும் என்று அவள் மறுபடி கேட்டாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் வந்து அடங்கியதும் அவர் சொன்னார்.

“நான் அடி வாங்கினது ஹோட்டல் வாசல்ல. எங்க ஆளுங்க அத்தன பேரும் நின்னாங்க. நாளைக்கும் நான் அங்கதான் வண்டிய நிறுத்தணும், அவங்க கூடத்தான் பேசிட்டு நிக்கணும். பேப்பர்ல, டிவில நீங்க என்ன வேணா போட்டுக்குங்க. சார் வந்து அந்த இடத்துல, அவங்க முன்னால, தப்புன்னு ஒரு வார்த்த சொல்லணும்.”

சொல்லிவிட்டு, அதிகமாகக் கேட்டுவிட்டோமோ என்பதுபோல மனைவியைப் பார்த்தார். மனைவி தலையசைத்ததும் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்.

“கேமரா வேண்டாம் மேடம். அடி வாங்கினத ஊரே பார்த்தாச்சு. இதையும் பார்க்க வேண்டாம்.”

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் அந்தக் கடைசிப் பேச்சையே நினைத்துக்கொண்டு வந்தாள். அடித்தவர் அடிபட்டவர் முன்னால் கைகூப்பி நிற்கிற ஒரு படம் கிடைத்தால், கம்பெனி மேல் பட்ட கறையில் பாதி அன்றைக்கே போய்விடும். அவள் தொழில் தெரிந்த யாரும் அந்தப் படத்தை விட மாட்டார்கள். சரி என்று அவள் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோ எடுக்காமல் வந்ததற்கே அவருக்குக் கோபம். ஹோட்டல் வாசலில், டிரைவர்கள் மத்தியில், ஓர் இயக்குநர் போய் நிற்பதா என்றார். அவள் விடாமல் பேசியதும், கோபம் போய்ச் சங்கடம் வந்தது. உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“உங்களுக்குப் புரியலம்மா. வீட்ல அவளுக்கு ஒரே தம்பி. அம்மா இல்லாத பிள்ளையத் தூக்கி வளர்த்தவ. அவன ஊர் முன்னால நிக்க வச்சா அவ தாங்க மாட்டா.”

காலையிலிருந்து எல்லோரும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்தார்கள். முதலாளியம்மா மனசு வருத்தப்படும். வக்கீல் சொன்னார், கணக்குப் பிரிவில் சொன்னார்கள், மச்சான் சாரும் அக்காவை இழுக்காதீர்கள் என்றார். முதலாளியம்மாவைக் கேட்டீர்களா என்று அவள் முதலாளியிடம் கேட்டாள். அவர் மேசைமேலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

முதலாளியம்மா எங்கே இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். கம்பெனி ஒரு வாடகைக் கொட்டகையில் தொடங்கியபோது மோட்டாருக்குக் கையால் கம்பி சுற்றியவர் அவர். இப்போது இயக்குநர்களில் ஒருவர். இருந்தாலும் தினமும் காலையில் மோட்டார்ப் பிரிவில் ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் மாடியேறுவார். அன்றைக்கு மாடியேறவே இல்லை. மூலையில் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஏற்கெனவே சோதித்து முடித்த மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவரைப் பார்க்காத மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“வா. நீயாவது வந்தியே. விடிஞ்சதுலேருந்து எல்லாரும் என்னைப் பார்த்தா வேற பக்கம் திரும்பிக்கறாங்க. ஒருத்தர்கூட என்கிட்ட எதுவும் கேக்கல.”

நின்றபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டயர் கடை மாடி, தாள், அண்ணன் பற்றி டிரைவரின் மனைவி கேட்டது, கடைசியில் டிரைவர் கேட்டது. முதலாளியம்மா இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: தொப்பி விழுந்த பிறகு அந்த மனுஷன் திரும்ப வந்து கதவைப் பிடித்தாரே, நீயும் பார்த்தாயா? அவள் பார்த்தேன் என்றாள். அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

அவளையும் கூட்டிக்கொண்டு முதலாளியின் அறைக்குள் அவர் நுழைந்ததும் மூன்று ஆண்களும் எழுந்துகொண்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நேரே தம்பியின் முன்னால் போய் நின்றார். தம்பி அவரைவிட ஒன்றரை அடி உயரம்.

“நீ அடிச்சியா?”

“அக்கா, கூட்டத்துல கை பட்டு...”

“கையக் கேக்கல. உன்னக் கேக்கறேன்.”

அவ்வளவு பெரிய ஆள், காலையிலிருந்து ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அடிச்சேங்க்கா” என்றார். சொன்ன பிறகு அவர் முகத்தில் ஒரு களைப்புத் தெரிந்தது. ஏதோ கனத்தை இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது. அக்கா அவர் தோளைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. அவளைத் திரும்பிப் பார்த்து, எழுதும்மா என்றார்.

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். வக்கீல் தோளுக்குப் பின்னால் நின்று திருத்தம் சொன்னார். ‘விரும்பத்தகாத சம்பவம் ஒன்று நடந்துவிட்டது’ என்று தொடங்கச் சொன்னார். சம்பவம் தானாக நடக்காது, ஆள் நடத்தினால்தான் நடக்கும் என்று சொல்லிவிட்டு, ‘எங்கள் விற்பனை இயக்குநர் எங்கள் ஓட்டுநரை அடித்தார்’ என்று அவள் எழுதினாள். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அந்த ‘ஆல்’ வந்தால் மன்னிப்பு போய்விடும் என்றாள் அவள். கன்னம் தடித்திருக்கிறது, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அதில் என்ன ‘இருந்தால்’? வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரே ஓர் ‘ஆல்’லுக்காக ஒருவர் இவ்வளவு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை என்று சொல்லி நகர்ந்துகொண்டார்.

கடைசியில் அறிக்கை ஒரு உள்ளங்கை அளவுதான் வந்தது. அடித்தார். அது தவறு. அதற்கு எந்தக் காரணமும் சமாதானம் ஆகாது. விசாரணை முடியும்வரை அவர் பொறுப்பில் இருக்க மாட்டார். ஓட்டுநரிடம் அவர் நேரில் மன்னிப்புக் கேட்பார். ஓட்டுநரின் வேலைக்கு எந்தக் குறையும் வராது.

அறிக்கையை வெளியிடுவதற்கு முன் அவள் இன்னொரு வேலையும் செய்தாள். பத்திரிகைக்காரர்கள் நிச்சயம் கேட்கப்போகிற கேள்வி ஒன்று உண்டு: இதற்கு முன்னால் இப்படி நடந்திருக்கிறதா? பதில் தெரியாமல் மேடை ஏறக்கூடாது. வண்டிக் கொட்டகைக்குப் போய் மற்ற டிரைவர்களிடம் கேட்டாள். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர் சொன்னார், இன்னொருவர் சொன்னார். வாய் நீளம் உண்டு. காது கூசுகிற பேச்சு. கை நீட்டியது இதுதான் முதல் தடவை.

மதியம் கேன்டீனை ஒட்டியிருந்த கூடத்தில் பத்திரிகைக்காரர்கள் கூடினார்கள். முதலாளி வருவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வந்தது முதலாளியம்மா. மைக்குக்கு முன்னால் நின்று பழக்கமில்லாதவர், தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். படித்து முடித்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு நிருபர் எழுந்து, அடித்தவர் உங்கள் சொந்தத் தம்பிதானே என்று கேட்டார். அவள் பதில் சொல்ல எழுந்தாள். முதலாளியம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“ஆமா. என் தம்பிதான். நடக்கக் கத்துக்குடுத்ததும் நான்தான். அதனாலதான் வேற யாரையும் அனுப்பாம நானே வந்தேன்.”

கூடத்தில் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தன் வாழ்க்கையில் எத்தனையோ பதில்களை எத்தனையோ பேருக்கு அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இப்படி ஒன்று எழுத வந்ததில்லை.

எதிர்பார்த்த கேள்வியும் வந்தது. அதற்கு அவளே எழுந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். பலமுறை தகாத பேச்சு பேசியிருக்கிறார், கை நீட்டியது இதுதான் முதல் என்று எங்களுக்குத் தெரியவந்திருக்கிறது, வேறு யாருக்காவது வேறு ஏதாவது தெரிந்தால் என்னிடம் வாருங்கள். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். மன்னிப்பை எங்கே, எப்போது படமெடுக்கலாம் என்று டிவிக்காரர்கள் கேட்டார்கள். படம் கிடையாது என்றாள். கூடம் சலசலத்தது. படமில்லாமல் நாங்கள் எதைப் போடுவது, மக்கள் எப்படி நம்புவார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அடிபட்டவர் வேண்டாம் என்கிறார், அதற்கு மேல் என்னிடம் காரணம் இல்லை என்றாள்.

மறுநாள் சாயங்காலம் ஹோட்டல் வாசலில் வழக்கம்போல் கார்கள் நின்றன. டிரைவர்கள் போர்ட்டிகோவின் ஓரத்தில், நிழல் விழும் இடத்தில் கூட்டமாக நின்றிருந்தார்கள். கருநீலக் கார் வந்தது. மச்சான் சார் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய அக்கா பின்னால் இன்னொரு காரில் வந்து, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். டிரைவர் தன் சகாக்களுக்கு நடுவில் சீருடையில், தொப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு கேமரா தெரிந்தது. ஹோட்டல் மேனேஜர் தன்னுடைய போட்டோகிராபரை நிறுத்திவைத்திருந்தார். ஹோட்டலுக்கும் ஒரு நல்ல பெயர் வரட்டும் என்ற எண்ணம். முன்பே வந்து வாசலோரம் நின்றிருந்த அவள் உள்ளே நடந்து போய், லென்ஸுக்கு நேராக நின்றுகொண்டாள். மேனேஜர் பக்கத்தில் வந்து, உங்கள் கம்பெனிக்கு நல்லதுதானே மேடம், நீங்களே மறைக்கிறீர்களே என்று ஆச்சரியப்பட்டார். தெரியும் என்றாள். நகரவில்லை. போட்டோகிராபர் இடதுபக்கம் போனால் அவளும் போனாள். வலதுபக்கம் வந்தால் அவளும் வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவருக்கே வெட்கமாகிக் கேமராவை இறக்கிவிட்டார். அதன் பிறகுதான் அவள் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

மச்சான் சார் டிரைவரின் முன்னால் நின்றிருந்தார். திறந்திருந்த பக்கக் கதவின் வழியே குரல் கேட்டது.

“அன்னைக்கு நடந்தது...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார். சுற்றி நின்ற டிரைவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி அந்த ஒரு முகத்துக்கு வந்தார். “நான் உங்கள அடிச்சேன். இத்தன பேர் முன்னால. அடிச்சது தப்பு. மன்னிச்சிடுங்க.”

அவர் டிரைவரை ‘உங்களை’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிறகு டிரைவர்கள் சொன்னார்கள்.

டிரைவர் பரவாயில்லை சார் என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அப்படிச் சொல்லிப் பழகிய வாய். அவர் நிமிர்ந்து நின்றார்.

“கேட்டுக்கிட்டேன் சார். நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். ஆனா இனிமே உங்க வண்டிய நான் ஓட்டல. கம்பெனில வேற எந்த வண்டியக் குடுத்தாலும் ஓட்டறேன்.”

மச்சான் சார் தலையாட்டினார். இன்னும் ஏதோ சொல்ல வந்தவர்போல ஒரு கணம் நின்றுவிட்டு, போய்க் காரில் ஏறிக்கொண்டார். கதவை அவரே திறந்து அவரே சாத்தினார். டிரைவர்கள் கைதட்டவில்லை, ஆரவாரம் செய்யவில்லை. ஒருவர் மட்டும் வந்து அவர் தொப்பியைக் கொஞ்சம் நேராக்கிவிட்டார். இன்னொருவர், வாங்கண்ணே டீ குடிக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவர் நடை அன்றைக்குக் கதவைப் பிடித்து நின்றவரின் நடையாக இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் போட்டோகிராபர் இருக்கிறார் என்று அடக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு பெரிய டீலர்கள் விலகினார்கள். இதுவும் ஒரு நாடகம் என்று எழுதியவர்கள் உண்டு. தம்பி பெண்டாட்டி முதலாளியம்மாவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். விசாரணை முடிந்து மச்சான் சார் இயக்குநர் பதவியை விட்டார். இப்போது வெளியூர்க் கிடங்கு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே அவருக்குக் கீழே இருப்பவர்கள் அவர் கோபத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். டிரைவர் சிப்பந்திகளை ஏற்றிவரும் பஸ்ஸை ஓட்டுகிறார். மச்சான் சாரின் வண்டியைவிட அதில் பாட்டு போடச் சுதந்திரம் அதிகம் என்று அவருக்குச் சந்தோஷம். விளம்பர வாசகத்தை மாற்றலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, வேண்டாம் என்றாள் அவள். கொஞ்ச நாள் கேலி செய்யட்டும், நமக்கு அது வேண்டியதுதான் என்றாள்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள், வேறொரு கம்பெனியில் அவளைப் போலவே வேலை பார்க்கும் ஒரு பெண்மணி போன் செய்தார். முன்பின் பழக்கமில்லை. குரலில் பதற்றம். அங்கே மேலதிகாரி ஒருவர் ஏதோ செய்துவிட்டாராம். பத்திரிகைகள் வாசலில் நிற்கின்றனவாம். உங்கள் ஆள் மன்னிப்புக் கேட்டாரே, அந்த வீடியோவை அனுப்ப முடியுமா, எங்கள் சாருக்கு ஒரு மாதிரிக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார்.

வீடியோ இல்லை, போட்டோகூட இல்லை என்றாள் அவள்.

“அப்போ உண்மையிலேயே கேட்டாருன்னு ஊருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அந்த வாசல்ல நின்ன டிரைவருங்க வீட்ல போய்ச் சொன்னாங்க” என்றாள். “சரி, அத விடுங்க. உங்க ஆளு யாருக்கு என்ன செஞ்சாரு? அவங்களப் போய்ப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை என்றார் அந்தப் பெண்மணி. முதலில் அங்கே போங்கள், கேமராவை ஆபீசிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.